ஒன்பது தந்திக்கு அப்படித்தான் இருக்கும்

எனக்கு நாள், கிழமை எதுவும் சரியாக நினைவிருப்பதில்லை. அளவுகள் மட்டும் நினைவிருக்கும். என் தங்கையின் திருமணம் எந்த மாதம் நடந்தது என்று கேட்டால் விழிப்பேன். அவள் கணவரின் இடது கை நடுவிரல் எண்பத்தாறு மில்லிமீட்டர் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆகவே நான் சொல்வதில் முன்பின் இருக்கலாம். நீங்களும் கிட்டார் செய்கிறவர், அளவில் தவறினால் உங்களுக்கே தெரிந்துவிடும். நீங்கள் கொண்டுவந்த அந்தத் தகட்டைச் சற்றுத் தள்ளி வையுங்கள். தேநீர் அதன்மேல் சிந்தப் போகிறது.

கீழே இந்தப் பட்டறை. மேலே தங்கையும் அவள் கணவரும். மச்சான் பேஸ் கிட்டார் வாசிப்பவர். சாதாரணக் கிட்டாரின் சத்தம் தரையைத் தாண்டி வராது. பேஸின் அடித்தந்தி வரும். நான் மரம் இழைத்துக்கொண்டிருப்பேன், மேலே அவர் வாசிக்கத் தொடங்குவார், அந்த அலமாரியில் இருக்கும் தகர டப்பாவில் ஆணிகள் மெல்ல அதிரும். பதினொரு வருடம் அப்படி. நன்றாயிருக்கிறது என்று ஒருமுறைகூட அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. என்னைப் போன்ற ஒருவனுக்கு, ஒரு நாளில் இன்னொரு மனிதரோடு இருக்க அவ்வளவு போதும்.

ஒரு மாலை அவர் படியிறங்கி வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"மச்சான், கப்பல்ல வாசிக்கிற குழு ஒண்ணு ஆள் எடுக்குது. ரெண்டு வருஷம். உங்க தங்கச்சியையும் கூட்டிட்டுப் போகலாமாம், தனி அறையே தர்றாங்க."

"எப்போ?"

"ஏழு மாசத்துல தேர்வு. ஆனா அவங்களுக்கு நாலு தந்தி பத்தாது. மெட்டும் நானே வாசிக்கணும், அடித்தளமும் நானே பிடிக்கணும். ஒன்பது தந்தி வேணும். உங்களை விட்டா யாரு செய்வா?"

"ஒன்பதா? கழுத்து கதவு மாதிரி இருக்குமே."

"கதவுன்னா கைப்பிடி வைங்க. திறந்து உள்ள போயிடுறேன்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

என் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரத்தைத் தொடுவதற்கு முன் வாசிப்பவரின் கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைவேன். விரல்கள் எவ்வளவு விரிகின்றன, மணிக்கட்டு எங்கே மடிகிறது, எல்லாவற்றையும் அதில் குறிப்பேன். அவர் கையை வரையும்போது சுண்டுவிரலில் பென்சில் பட்டது அவருக்குத் தெரியவில்லை.

"அது மரத்துப் போயிருக்கு மச்சான். அதுவும் பக்கத்து விரலும் பெரிய இடத்துப் பிள்ளைங்க. நான் எழுந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் எழுந்திரிக்கும்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். நரம்பு அழுத்தமாம். வாசிக்கலாம், ஆனா இடது கையால எடை தாங்கக் கூடாதுன்னார். நான் என்ன மூட்டையா தூக்குறேன்?"

அந்தக் காகிதத்தில் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் 'எடை கூடாது' என்று எழுதினேன். என் கையெழுத்துதான். இன்னும் வைத்திருக்கிறேன்.

முதலில் போட்ட வரைபடம் சரியானது. ஒன்பது தந்தியை முறுக்க ஒன்பது திருகுகள், அதனால் கழுத்து நுனியில் இருக்கும் தலைப்பகுதி கனத்துவிடும் என்பது நமக்குத் தெரிந்ததே. அதை ஈடுகட்ட, உடலின் மேல்விளிம்பில் கழுத்துப் பக்கமாகத் துருத்தும் மேல்கொம்பை நீட்டி, தோள்வாரை அதன் நுனியில் மாட்டும்படி வரைந்திருந்தேன். மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விட்டால் தராசு முள் போல நிற்கும். நான் போட்ட வரைபடங்களில் அதுதான் நல்லது. முடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேலே அவர் வாசிப்பை நிறுத்தியிருந்தார். ஆணி டப்பா சும்மா இருந்தது. இரண்டு வருடம் அது அப்படியே இருக்கும் என்று தோன்றியது. அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று நீங்கள் நினைத்தால் அது தவறு. மறுநாள் காலை பார்க்கும்போது என் கை இரண்டாவது வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

அதில் மேல்கொம்பு நான்கு விரற்கடை குறைவு. உடலுக்கு இலேசான மரம். தலையின் முகப்புப் பலகைக்கு அடியில் பள்ளம் தோண்டி, நீங்கள் பிரித்தெடுத்துக் கொண்டுவந்த இந்த ஈயத் தகட்டை வைத்து ஒட்டினேன். முந்நூற்று நாற்பது கிராம். எடை போட்டுப் பாருங்கள், சரியாக இருக்கும்.

ஓசையில் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை. தந்தியின் அதிர்வை வாங்கும் காந்தச் சுருள்களை மூன்று முறை அவிழ்த்துச் சுற்றினேன். வாசிப்பவர் கீழே வைக்க மனம் வராத ஓசை வேண்டும் என்று மிகுந்த சிரத்தையோடு செய்தேன். நேர்மையாகச் செய்த பகுதி அது. அது இல்லாவிட்டால் அவர் ஒரு வாரத்தில் அதைத் தூக்கிப் போட்டிருப்பார்.

மூன்றாவது மாதம் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு நின்றார்.

"தலை கீழ போகுதே மச்சான்."

"ஒன்பது தந்திக்கு அப்படித்தான் இருக்கும். இடது கையால லேசா தாங்கிக்குங்க. பழகிடும்."

அவர் கேள்வி கேட்கவில்லை. பதினொரு வருடப் பழக்கம். என்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கே சங்கடமாக இருந்தது.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நின்றபடியே வாசித்தார், கப்பலில் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்பதால். ஆணிகள் அதிர்ந்தன. எனக்கு அவை நல்ல மாதங்கள். இரண்டு மாதம் கழித்து மேலே ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது. குவளை. அடுத்த வாரம் இன்னொன்று. தங்கை இறங்கி வந்தாள்.

"அண்ணா, அவரால சட்டைப் பொத்தான் போட முடியல. அந்தக் கிட்டார்ல ஏதாவது கோளாறா?"

அவளிடம் சொல்ல வாய் திறந்தேன். இழைப்புப் பொறி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். நிறுத்தியதும் அறை மிகவும் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் ஒரு பேச்சை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

"இல்லம்மா. பயிற்சி அதிகம். கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லு" என்றேன்.

"தேர்வை வெச்சுக்கிட்டு ஓய்வா? நல்லா சொன்னீங்க போங்க" என்று அவள் ஏறிப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள் என்று நினைவு.

தேர்வில் பாதிப் பாட்டில் அவர் விரல்கள் நின்றுவிட்டன. வேறு ஒருவரை எடுத்தார்கள்.

நீங்கள் இப்போது கேட்கப் போவது தெரியும். நான் நினைத்தது நடந்துவிட்டது, அதன்பிறகாவது ஈயத்தை எடுத்திருக்கலாமே. அரை மணி நேர வேலை. ஆனால் அவர் அன்று மாலையே வந்து, "அடுத்த வருஷமும் ஆள் எடுப்பாங்களாம் மச்சான், விடமாட்டேன்" என்றார். அப்படிச் சொன்னபின் நான் எப்படி எடுக்க முடியும்? மேலும் எட்டு மாதம் அது அவர் தோளில் தொங்கியது. மருத்துவர் கையைத் திறந்து பார்த்துவிட்டு, இனி விரல்கள் மடங்கியபடியே இருக்கும், நரம்பு செத்துவிட்டது என்றார்.

ஆம், நான்தான் செய்தேன். கொம்பைக் குறைத்தது, ஈயம் வைத்தது, பழகிடும் என்று சொன்னது, சொல்லாமல் இருந்தது, எல்லாம்.

கப்பல் போய்த் திரும்பிவிட்டது. வேறொருவர் அதில் வாசிக்கிறார். மச்சான் ஒரு கிடங்கின் வாசலில் வண்டி எண்களைக் குறிக்கும் வேலை பார்க்கிறார், வலது கையால். தங்கை அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போகிறாள். பேஸை விற்றார்கள். வாங்கியவர் தலை கனக்கிறதென்று உங்களிடம் கொண்டுவந்தார். ஆணி டப்பாவில் தூசி படிந்திருக்கிறது. அவர்கள் எங்கும் போகவில்லை, மேலேதான் இருக்கிறார்கள். நீங்கள் போய்ச் சொல்வதானால் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை.

முதல் வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்கு வேண்டிய மரமும் வாங்கியாயிற்று. கை சரியானதும் செய்து தருகிறேன் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.