தேத்தண்ணி நல்லா இருக்காம்

தெஹிவளையில் ஏறிய பஸ் வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் அசையாமல் நின்றது. முன் சீட்டில் வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்:

“அவர் என்னைப் புகழ்ந்தா எனக்கு நெஞ்சு திக்கெண்டுது.”

“ஏன் அக்கா? எந்தப் புருசன் புகழுறான்?”

“அவர் வேலை செய்யிற கந்தோரில ஆக்களோட கதைக்கிற முறை படிப்பிச்சவை. ஒரு குறை சொல்ல முதல் ரெண்டு நல்லது சொல்லவேணுமாம். சான்றிதழும் குடுத்தவை, ஷோகேசில வச்சிருக்கிறார். இப்ப வீட்டிலயும் அதுதான். ‘சோறு நல்ல பதம், பருப்பு நல்ல வாசம்’ எண்டுவார். உடன பிள்ளையள் சாப்பிடுறதை நிப்பாட்டிப்போட்டு என்ர முகத்தைப் பாக்குங்கள். அடுத்தது மீன்குழம்பில குறை எண்டு அதுகளுக்கும் தெரியும்.”

“முந்தி எப்பிடி?”

“முந்தி நேர குறையைச் சொல்லிப் பேசுவார். நானும் திருப்பிப் பேசுவன். பிறகு எல்லாரும் நிம்மதியாச் சாப்பிடுவம்.”

பஸ் ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றது.

“இண்டைக்குக் காலமை ‘தேத்தண்ணி நல்லா இருக்கு’ எண்டார். வேற ஒண்டும் சொல்லாமல் வேலைக்குப் போயிட்டார்.”

“கோல் எடுத்து என்ன குறையெண்டு கேட்டிருக்கலாமே?”

“கேட்டனான். ‘நீர் மனம்விட்டுக் கேட்டது நல்ல விசயம். பின்னேரம் வந்து கதைப்பம்’ எண்டார்.”

இளையவர் இரண்டு விரலை மடக்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அப்ப ரெண்டு நல்லதும் சொல்லி முடிஞ்சுது, என்ன அக்கா?”

“ஓம். பின்னேரமும் பஸ் இப்பிடியே நிண்டா நல்லம்.”