நாற்பத்தொன்றாவது பேச்சு

– நாப்பது வீடியோக்கா! நாளுக்கு ஒரு நிமிஷம், கேமராவப் பாத்துப் பேசி ஏத்திருக்கேன். ஒருத்தர்கூட ‘தம்பி, உனக்குத் திக்குது’ன்னு கமென்ட் போடல. அப்ப என்ன அர்த்தம்?

– யாரும் பாக்கலன்னு அர்த்தம்.

– எழுநூறு பேரு பாத்திருக்காங்க! சித்தப்பா என்ன எழுதியிருக்காரு தெரியுமா? ‘என்ன ஒரு கணீர்க் குரல், மகனே!’

– அவரு இரங்கல் செய்திக்கே லைக் போடுறவருடா.

– நீ ஒண்ணாவது பாத்தியா?

– இல்ல.

– இப்பவாவது பாருக்கா! இன்டர்வியூவுக்கு உள்ள போனவரு வெளிய வந்தா அடுத்து நான்தான். இந்த பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக்கே நான்தான் இனிமே குரல்!

– சரி, ஹெட்போனக் குடு... டேய், இது வேல செய்யலடா.

– வர்ற வழியெல்லாம் அதுலதான பாட்டுக் கேட்டேன்.

– அப்ப உன் வீடியோலதான் சத்தம் இல்ல. இதுலயும் இல்ல. அடப்பாவி, மொத்தமும் ஊமைப்படம்!

– எப்படிக்கா? எடிட் பண்ணும்போது என் குரல நானே கேக்கக் கூச்சமா இருக்கும். சத்தத்த அணைச்சுட்டுத்தான்...

– திரும்பப் போட்டியா?

– திரும்பப் போடணுமா?

– போடாமலே ஏத்திட்டியா? நாப்பதையுமா?

– அ... அ... அப்ப யா... யாருக்குமே கே... கேக்கலயா? வா... வீட்டுக்குப் போ... போலாம்.

– உக்காருடா. எனக்குக் கேட்டுச்சு. பக்கத்து ரூம்ல காதுல பஞ்ச வெச்சும் கேட்டுச்சு. மொத வாரம் அந்த ஒரு நிமிஷத்துக்கு ரெண்டு மணி நேரம் என் உயிர வாங்கினே. நேத்து ஒரே தடவயில முடிச்சுட்ட.

– அ... அந்த ரூம்ல எ... என் முன்னாடி யா... யாரும் இல்லயே.

– உன்னத்தான் கூப்பிடுறாங்க. எழுந்திரு. உள்ளயும் யாரும் இல்லன்னு நெனச்சுக்கோ. போடா!

*

– அக்கா! திக்கவே இல்ல! ஒரு எழுத்துகூட!

– பாத்தியா!

– கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு, ஒரு தாளக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. நம்ம ராசி, மைக் அவுட்டு! ஒரு சத்தமும் வரல. யாருக்கும் கேக்கப் போறதில்லன்னு தெரிஞ்சதும் ஒரே மூச்சுல அடிச்சு விட்டேன் பாரு! வேல கெடைக்காது, விடு. கேட்டாத்தான குடுப்பாங்க... ஆமா, இங்க பஸ்ஸுக்கு ஒரு கூட்டமே உக்காந்திருந்துச்சே, எங்கக்கா?

– எவனோ ஒருத்தன் ‘வண்டி இன்று ஏழாவது பிளாட்பாரத்திலிருந்து புறப்படும்’னு கணீர்னு சொன்னான்டா. எல்லாரும் மூட்டையத் தூக்கிட்டு அங்க ஓடிட்டாங்க.