பதினான்காம் எண் கவசம்

என் பெயர் ஜோஸ்பின். வயது 31. கணவர் பெயர் டேவிட் ராஜ். ஒதியம்பட்டு, மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். ஒன்பது வருடமாகக் காவலராக வேலை பார்க்கிறேன். எனக்கு ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறது. இந்த வாக்குமூலத்தை யாரும் கேட்கவில்லை, நானாக வந்து கொடுக்கிறேன்.

சென்ற மாதம் 19ஆம் தேதி, குடிதண்ணீர் வரவில்லை என்று மூலக்குளம் அருகே மெயின் ரோட்டில் மறியல் நடந்தது. காலை எட்டு மணிக்கு ஸ்டோரில் எங்களுக்குக் கல்லடி தாங்கும் கவசச் சட்டை கொடுத்தார்கள். அதன் முதுகில் எண் இருக்கும், நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். எனக்கு 22, உடன் வேலை பார்க்கும் ஆரோக்கிய பிரகாஷுக்கு 14. பெண் என்றால் சின்னது போதும் என்று 22ஐத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். நெஞ்சுக்கு நேரே அது பலகை மாதிரி தட்டையாக இருக்கும். அதைச் செய்தவருக்கு அக்கா தங்கை யாரும் இல்லை போலிருக்கிறது. இதை எழுத வேண்டாமென்றால் ஐயா விட்டுவிடலாம், ஆனால் நான் சொன்னேன்.

பிறகு ரோட்டில் நின்றோம். பதினோரு மணிக்கெல்லாம் தார் ரோடு தண்ணீர் தேங்கினாற்போல மினுங்கியது. எனக்குப் பால் கட்டிக்கொண்டு, அதன்மேல் பலகை அழுத்தி, உயிர் போனது. அதன் பிறகு பிரகாஷ் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, மூஞ்சே சரியில்ல?" என்றார். "இறுக்குதுண்ணா" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? அவர் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். "எங்க வூட்லயும் இப்படித்தான் துடிச்சுப்பூடுவா. இந்தா, என்னுது லூசா இருக்கும், மாட்டிக்கோ" என்று வேன் மறைவில் தன் 14ஐக் கழற்றிக் கொடுத்து, என் 22ஐ மாட்டிக்கொண்டார். அது அவர் விலாவை மூடவில்லை, பக்கத்துப் பட்டையும் ஒட்டவில்லை. நாங்கள் இப்படி மாற்றிப் போட்டுக்கொள்வது வழக்கம். யாரும் போய் நோட்டில் திருத்துவதில்லை.

அதன் பிறகும் பால் கசிந்து கவசத்துக்குக் கீழே சட்டை நனைந்துவிட்டது. எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் ஆரிபா அதைப் பார்த்துவிட்டு, "புள்ள பெத்தவளா நீ? உள்ள வாம்மா" என்று கையைப் பிடித்தார். பிரகாஷ், "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார். கவசத்தைக் கழற்றிக் கடை வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனேன்.

உள்ளே திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிவிட்டு, ஃபேன் காற்றில் கண்ணை மூடினேன். நெஞ்சின்மேல் மகள் படுத்திருந்தாள், பாரமே இல்லை. ரோடு முழுக்க நிஜமாகவே தண்ணீர் ஓடியது. மறியலுக்கு வந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டே குடம் நிரப்பினார்கள். பிரகாஷ் கைலியோடு நின்று ஒவ்வொரு குடமாகத் தூக்கிவிட்டார். யாருக்கும் யார்மேலும் கோபமில்லை. கனவுதான், ஆனாலும் எனக்கு எழுந்திருக்கவே மனசில்லை.

அதன் பிறகு ஆரிபா என்னை உலுக்கி, "யம்மா, கல்லு வுடுறாங்க!" என்று கத்தினார். ஓடிவந்தேன். பிரகாஷ் இடது விலாவைப் பிடித்தபடி ரோட்டில் உட்கார்ந்திருந்தார். 22 மூடாத இடத்தில்தான் கல் பட்டிருந்தது. இரண்டு எலும்பு முறிந்துவிட்டது.

யாரோ எடுத்த செல்போன் வீடியோவில், ஸ்டூலில் 14 கிடப்பது மட்டும் தெரிகிறது. நோட்டில் 14 பிரகாஷ். அதனால் அவர் கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அலட்சியமாக நின்று அடிபட்டார் என்று அவருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "நீ வாயத் தொறக்காத. கைப்புள்ளக்காரி, வேல போச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்றார். மூச்சு விட்டாலே அவருக்கு வலித்தது. நான் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் இல்லை. இப்போது மகளை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டால் 14இன் பாரம் தெரிகிறது.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். "இருவரும் கவசத்தை மாற்றிக்கொண்டனர்" என்று இருந்தது. "அவர் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்" என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். அன்று கவசம் இல்லாமல் இருந்தவள் நான். அவர் போட்டிருந்தார். அது என்னுடையது.

கனவு என்று சொன்ன இடத்தைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது.

(ஒப்பம்)
ஜோஸ்பின்