வேக வைத்த கம்ப்யூட்டர்

“ஜன்னலெல்லாம் சாத்திப்போட்டு, நேத்து நாள் பூரா ஓட விட்டு வேக வெச்சுப் பாத்தேன். தாங்கிருச்சு புள்ள.”

தாராபுரம் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர், மடியிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டியபடி மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தார்.

“அந்தத் தாராபுரம் கம்பெனிக்கு இதுதான் மொதக் கம்ப்யூட்டர். அதையும் பனியன் அயர்ன் பண்ற எடத்துலயே வெக்கறாங்களாம். அந்த அனல்ல நின்னு போச்சுன்னா மறுக்கா நம்மளக் கூப்பிடுவாங்களா?”

“ஏனுங்க...”

“என்ன?”

“மத்தியானம் நீங்க கடைக்குப் போனதும் ஃபேனப் போட்டுட்டேனுங்க. நீங்க வர்ற சத்தங் கேட்டுத்தான் நிறுத்துனேன்.”

அவர் பாதி எழுந்தார். பெட்டி முன்கம்பியில் இடித்தது. மறுபடி உட்கார்ந்தார்.

“சூடு ஏத்தித்தான சோதிக்கோணும்! காத்து வாங்கிட்டு ஓடுனதையா தாங்கிருச்சுன்னு சொல்லிட்டு வர்றேன்? பொட்டிக்குப் போயி ஆராச்சும் பாவம் பாப்பாங்களா?”

“பொட்டிக்குப் போடலீங்க. அதே ரூம்லதான நானும் உக்காந்து பனியன் பிசிறு வெட்டிட்டு இருந்தேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பெட்டியின் மூடியை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார். அவிநாசிபாளையத்தில் பஸ் நின்றதும் சட்டென்று எழுந்தார்.

“எறங்கு புள்ள. ஊட்டுக்குப் போயி மொதல்ல இருந்து சூடு ஏத்தோணும்.”

படியில் இறங்கிக்கொண்டே அந்த அம்மாள் கேட்டார்:

“அப்ப நான் எங்கீங்க உக்கார்றது?”