பெரியவரை எழுப்பிவிட்டேன்

தட்டச்சு வேலை பார்ப்பவனுக்குக் கோபம் ஆகாது. கோபம் வந்தால் விரல் பக்கத்து எழுத்தில் போய் விழும். அதனால் நான் சத்தம் போட்டுப் பேசுவதையே விட்டுவிட்டேன். இப்போதும் நிதானமாகத்தான் சொல்லப்போகிறேன். உங்கள் விசாரணைக் குழுவில் மற்றவர்கள் எல்லாம் ஆந்திராக்காரர்கள். நீங்கள் ஒருவர்தான் டெல்லியிலிருந்து வந்தவர், தெலுங்கு தெரியாதவர். உங்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நான் கேட்டதற்குக் காரணம் அதுதான். தெலுங்கு தெரிந்தவர்கள் பாதியிலேயே எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்து எழுந்துவிடுவார்கள். நீங்கள் கடைசிவரை கேட்பீர்கள்.

என் பெயர் வெலகா பானுமூர்த்தி. குண்டூரில் சட்டம் படித்தேன். கடைசி வருஷத்தில் நின்றுவிட்டேன். அதற்கு ஒரு சோகக் கதையும் கிடையாது, பிடிக்கவில்லை. பிறகு விஜயவாடாவில், கவர்னர்பேட்டையில், வக்கீல் சத்தியவாணி மேடத்தின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். சாட்சிகள் தெலுங்கில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என்னோடு பாத்திமுன்னிசா என்று ஒரு அம்மா இருந்தார். நான் ஆபா என்று கூப்பிடுவேன், அக்கா மாதிரி. நல்ல ஆங்கிலம். நல்ல வாய்.

மெஷின் வந்தது உங்களுக்குத் தெரியும். பேச்சைப் போட்டால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும். நாங்கள் ஒரு நாள் முழுக்கச் செய்வதை அது டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். ஒரு மனிதன் கேட்டுச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் காகிதம் கோர்ட்டில் செல்லும். அந்தக் கையெழுத்துக்கு ஒரு ஆள் போதும். மேடம் ஆபாவை அனுப்பிவிட்டு என்னை வைத்துக்கொண்டார்.

போகிற அன்று ஆபா என் மேஜையருகே நின்றார்.

"ஏம்ப்பா பானு, மெஷினுக்கு விசிறி வீசுற வேலையாவது உனக்கு நிரந்தரமா? எதுக்கும் கேட்டு வச்சுக்கோ."

கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. தசராவுக்குப் பிறகு புது மெஷின் வரும், அதற்குச் சரிபார்க்கிறவன் பெயரளவுக்குத்தான், ஜூனியர் பையன்களே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று மேடம் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் மறைக்கவும் இல்லை. அவர் நேர்மையானவர்.

கருணம்மாவின் வழக்கு அந்தச் சமயத்தில்தான் வந்தது.

அவர் வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர். சூர்யாராவ்பேட்டையில் அங்கம்மா ராவ் என்று ஒரு பெரியவர், புகையிலை வியாபாரம் செய்து ஓய்ந்தவர், பக்கவாதம் வந்து கிடந்தார். மகன் ஹைதராபாத்தில். பெரியவரைக் காலையில் படுக்கையிலேயே விடக்கூடாது, எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. அவர் எழ மாட்டார். திட்டுவார், கடிக்க வருவார். கனமான உடம்பு. முடியாத நாட்களில் கருணம்மா தன் மகள் எஸ்தேருவுக்குப் போன் செய்வார். அந்தப் பெண் நர்ஸிங் கல்லூரிக்குப் போகும் வழியில் வந்து ஒரு கை கொடுத்துவிட்டுப் போகும்.

ஒருநாள் அவர் தனியாகவே எழுப்பிவிட்டார். மகளுக்குக் குரல் செய்தி அனுப்பினார். "பெத்தாயன்னி லேபேசானு." பெரியவரை லேபேசானு, இனி நீ வர வேண்டாம். அவ்வளவுதான் செய்தி.

அன்று மதியம் பெரியவர் நாற்காலியிலேயே இறந்துபோனார். இரண்டு கைகளிலும் விரல் பதிந்த தடங்கள் இருந்தன. தூக்கி உட்காரவைத்தால் பதியத்தான் செய்யும். அமுக்கிப் பிடித்தாலும் பதியும். பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர் இதயம் நின்றது என்று எழுதினார். ஏன் நின்றது என்று எழுதவில்லை.

மகனுக்குத் துக்கம். பக்கத்தில் இல்லாமல் போன மகனின் துக்கத்துக்கு யாராவது ஒருவர் காரணமாக இருந்தாக வேண்டும். காரியம் நடந்த வீட்டிலேயே கருணம்மாவின் போனை வாங்கி, அதிலிருந்த குரல் செய்திகளை எல்லாம் எடுத்து மேடத்திடம் கொடுத்தார். தான் எதையும் கேட்கவில்லை என்றார். "அந்தப் பொம்பள குரலக் காதால கேக்க முடியாதுங்க. எழுத்துல குடுங்க, படிச்சுக்கிறேன்."

எழுத்தில் கொடுத்தோம்.

இப்போது அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். தெலுங்கில் லேபு என்றால் எழுப்பு, தூக்கு. பள்ளிக்கூடம் போகும் குழந்தையைக் காலையில் எழுப்பினாலும் அதே சொல். விழுந்து கிடக்கும் சைக்கிளை நிமிர்த்தினாலும் அதே சொல். விஜயவாடா ரவுடி யாரையாவது வெட்டிப்போட்டுவிட்டு வந்து கூட்டாளியிடம் சொல்வதும் அதே சொல்தான். லேபேசானு. எது எந்த லேபேசானு என்று இங்கே ஆட்டோ ஓட்டுகிறவருக்குக்கூட ஐயம் வராது. குரலிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் அலுவலகத்திலிருந்து போன காகிதத்தில், "பெரியவரைத் தீர்த்துக்கட்டிவிட்டேன், இனி நீ வரவேண்டியதில்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே, கேட்டுச் சரிபார்த்தேன் என்று என் கையெழுத்து.

மேடம் அந்த வரியை விரலால் தொட்டுக் கேட்டார். "பானு காரு, இத நீங்க கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் மேடம்."

"அப்ப சரி."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒலிப்பதிவு அவருடைய கணினியிலும் இருந்தது. ஒரு முறை அழுத்தினால் போதும். ஆனால் கேட்பதற்கென்று ஒரு ஆளை வைத்திருக்கும்போது தானும் எதற்குக் கேட்க வேண்டும்?

நான் கேட்டேன் என்பது உண்மை. அது எழுப்புகிற லேபேசானுதான் என்று எனக்குத் தெரியும். இதை நான் முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் சொல்லவில்லை. வேலைப் பளுவில் கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். அது பொய்.

ஏன் விட்டேன் என்றால், கோர்ட்டில் ஒரு சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வேறு கெட்ட எண்ணம் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று பதிவைப் போட்டுக் காட்டுவார், நீதிபதி முதல் டவாலி வரை எல்லோரும் தெலுங்கர்கள், ஹால் முழுக்கச் சிரிக்கும், அந்த அம்மா அன்றைக்கே வீட்டுக்குப் போவார், மெஷின் மூலைக்குப் போகும். யாருக்கும் நஷ்டமில்லாத வழக்காகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். இதைவிடச் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய பிழை இருக்க முடியாது.

அந்தக் காகிதத்தை வைத்துக் கருணம்மாவைக் கைது செய்தார்கள். ஜாமீன் விசாரணைக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அந்த அம்மாவுக்காக இலவசச் சட்ட உதவியில் வந்தவர் பிரணீத் என்ற இளம் வக்கீல். அவர் எங்கள் காகிதத்தைத் தன்னுடைய மெஷினில் போட்டு மனு தயாரித்திருந்தார். நடையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். "அந்த வார்த்தைகள் மிகுந்த மனச்சோர்வில் சொல்லப்பட்டவை, அவற்றைக் குற்றத்தின் ஒப்புதலாகக் கொள்ளக்கூடாது" என்று வாதாடினார். சொல்லவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. காகிதத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வார்? நீதிபதியும் காகிதத்தைப் பார்த்தார். ஹால் முழுக்கத் தெலுங்கர்கள், ஒருவர் காதிலும் தெலுங்கு விழவில்லை. ஜாமீன் கிடைக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அடுத்த விசாரணையில் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். நானே போய்ச் சொன்னால் அது என் பிழை. அவர்களாகக் கண்டுபிடித்தால் மெஷினின் பிழை.

எஸ்தேரு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். எதிர்த்தரப்பு அலுவலகத்துக்கு வரக்கூடாது என்றுகூடத் தெரியாத பெண். கல்லூரிச் சீருடையோடு வந்திருந்தாள்.

"அண்ணா, ஒரே ஒரு தடவ காதுல போட்டுக் கேளுங்க. எங்கம்மா தெனம் காலையில பக்கத்து வீட்டு அக்காகிட்ட என்னையுமே அப்படித்தான் சொல்லும், பிள்ளைய லேபேசானுன்னு. நான் என்ன செத்தா போயிட்டேன்? உங்க முன்னாடி நிக்கிறேன் இல்ல?"

"மெஷின் எழுதினதத்தாம்மா நாங்க குடுக்க முடியும்."

"மெஷினுக்கு அம்மா இல்லண்ணா. உங்களுக்கு இருக்காங்கல்ல? அவங்க உங்கள எப்படி எழுப்புவாங்க?"

வெயிலில் வந்திருந்தாள், மோர் வரவழைத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை. கிளம்பும்போது, "உங்க வக்கீலக் கேக்கச் சொல்லு, பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லு" என்றேன். அந்த அளவுக்கு நான் உதவி செய்திருக்கிறேன். அவள் சொல்லியிருப்பாள். மகள் சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்?

சிறையில் கருணம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். அடுத்த முறை கோர்ட்டில் நீதிபதி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே வண்டியில் ஏற்றும்போது மகளிடம் மட்டும் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. "நான் வாயத் தொறந்தா அது வேற எதுவோ ஆயிடுதே பாப்பா. பேசாம இருந்துக்கிறேன்." பேசாமல் இருந்ததையும் ஒப்புக்கொண்டது போலத்தான் எழுதினார்கள். பிறகு சாப்பாட்டையும் நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்துபோனார்.

அதற்குப் பிறகுதான் எஸ்தேரு அந்தப் பதிவை வெளியே விட்டாள். கிருஷ்ணா ஜில்லா முழுக்க ஒவ்வொரு போனிலும் அது போயிற்று. நான் எதிர்பார்த்த சிரிப்பு அப்போது வந்தது. கோர்ட்டுக்கு எதிரே புனுகுலு போண்டாக் கடையில் குமாஸ்தாக்கள் பேசிக்கொண்டார்கள்.

"ஏரா, பெண்டாட்டிய லேபேசிட்டு வந்தியா இன்னிக்கு?"

"மெதுவாப் பேசுரா, மெஷினு கேட்டா உள்ள போயிடுவேன்."

நானும் சிரித்தேன். மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் கவனிப்பார்கள்.

மெஷினை நிறுத்தினார்கள். உங்கள் குழுவை அமைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆபா காஜா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் கொடுத்தார், தான் ஒன்றை எடுத்து அப்படியே கையில் வைத்திருந்தார்.

"ஒரு பொம்பளை உசிரு போயித்தான் நமக்கு வேலை திரும்பி வந்திருக்கு பானு. தொண்டைக்குள்ள எறங்கல."

எனக்கு இறங்கியது. இரண்டு சாப்பிட்டேன்.

இப்போது எஸ்தேரு மெஷினைச் செய்த கம்பெனி மீது வழக்குப் போட்டிருக்கிறாள். கம்பெனிக்காரர்கள் அதே பதிவை அதே மெஷினில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் "எழுப்பிவிட்டேன்" என்றுதான் வருகிறது. அந்தப் பெண்தான் பதிவை மாற்றிவிட்டாள் என்று அவள் மீது திருப்புகிறார்கள். உங்கள் குழுவுக்கும் அதுதான் புரியவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அவர்கள் சொல்வது சரி. மெஷின் அன்றைக்கும் "எழுப்பிவிட்டேன்" என்றுதான் எழுதியது. சரியாக எழுதியது. நான்தான் அந்தச் சொல்லை அழித்துவிட்டு "தீர்த்துக்கட்டிவிட்டேன்" என்று அடித்தேன். கட்சிக்காரர்களின் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று, மெஷினின் முதல் பிரதி உடனுக்குடன் அழிந்துவிடும்படி மேடம் வைத்திருந்தார். அதனால் தடயம் இல்லை. முன்பே இரண்டு மூன்று வழக்குகளில் அது தானாகப் பிழை செய்யும் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. தசரா நெருங்கிவிட்டது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்தேருவுக்காக என்று எழுதிக்கொள்ள வேண்டாம், அது பொய்யாகிவிடும். உங்கள் அறிக்கையின் வரைவை நேற்று எனக்குப் படிக்கக் கொடுத்தார்கள். "சரிபார்த்தவர் கவனக்குறைவால் பிழையைக் காணத் தவறினார்" என்று இருக்கிறது. இத்தனை வருஷத்தில் கவனக்குறைவு என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை.

அந்தப் பதிவை நான் பல தடவை கேட்டேன். முதலில் பெரியவரின் இருமல். யாரோ டம்ளரை வைக்கும் சத்தம். பிறகு அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கிறார், ஒரு கனத்த ஆளைத் தனியாகத் தூக்கி உட்காரவைத்துவிட்ட சிரிப்பு. லேபேசானு என்பதில் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுக்கிறார், மகளிடம் பெருமை அடித்துக்கொள்கிற மாதிரி. மேடம் கேட்கவில்லை, மகன் கேட்கவில்லை, கருணம்மாவின் வக்கீலே கேட்கவில்லை. அந்த அம்மா பேசியதை மதித்துக் காது கொடுத்துக் கேட்டவன் நான் ஒருவன்தான். அறிக்கையில் அதைத் திருத்திவிடுங்கள்.