ஜொய்சி பிடிச்ச சீற்

நேரம் பின்னேரம் நாலு இருபது... நவம்பர் மாசம். அயர்லாந்தின்ர மேற்குக் கரை. ஒரு பஸ் மட்டும் போகக்கூடிய றோட்டு. ரெண்டு பக்கமும் கல்லு மதில், அதுக்கு அங்கால கறுத்தச் சேத்து நிலம், அதுக்கும் அங்கால மொட்டை மலை. கண்ணுக்கு எட்டின தூரத்துக்கு ஒரு வீட்டு வெளிச்சம் இல்லை. மழை மேலால வராதாம் அங்க. பக்கத்தால வந்து காதுக்குள்ள அடிக்குமாம்.

அந்த றோட்டிலதான் பஸ்ஸை நிப்பாட்டினவங்கள்.

நிஷான், கதவைச் சாத்திப்போட்டு வா. மொன்றியலில இந்தப் பியர்பொன்ட்ஸ் பக்கம் முழுக்க இருட்டு, உன்ர வீட்டுக்கு மட்டும் கறண்ட் தரப்போறாங்களே? கிட்ட வந்து இருங்கோ எல்லாரும்.

இது நடந்தது எங்கட அன்டன்ர மச்சாளுக்கு. ஜொய்சி எண்டு பேர். கோட்-டெ-நெய்ஜில இருக்கிறவ, ஆஸ்பத்திரியில வேலை. பொய் சொல்லுற ஆள் இல்லை. ஆனா வீம்பு... அப்பிடியொரு வீம்பு. புருசன் கிறகரி அதைவிட மோசம். ரெண்டுபேரும் டப்ளினில இருக்கிற ஜொய்சியின்ர தமக்கை வீட்டுக்கு, பிள்ளைக்கு ஞானஸ்நானம் எண்டு போனவை. போன இடத்தில, அத்தனை சனத்துக்கு முன்னால, தமக்கையின்ர கறியை வாயில வைச்சிட்டு கிறகரி சொல்லியிருக்கிறார், "பதினொரு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாய்க்கு ருசியாச் சாப்பிடுறன்."

முடிஞ்சுது கதை. ஜொய்சி அதுக்குப் பிறகு அவரோட வாய் திறக்கேல்லை.

அடுத்தநாள் சுற்றுலா பஸ். தமக்கை ஆசையா ரிக்கெற் எடுத்து வைச்சவ, போகாமல் விடேலாது. விடியப்பறம் ஜொய்சி முதலே ஏறி, யன்னல் பக்கம் இருந்துகொண்டு, பக்கத்துச் சீற்றில தன்ர லேஞ்சியை, கைக்குட்டையை, விரிச்சுப் போட்டா. யாழ்ப்பாணத்தில பஸ்ஸுக்க சீற் பிடிக்கிறமாதிரி. லேஞ்சி கிடந்தால் அந்தச் சீற்றுக்கு ஆள் இருக்கு. அது எங்கட சனத்துக்குச் சட்டம்.

கிறகரி வந்து நிண்டார். லேஞ்சியைப் பாத்தார்.

"இதில ஆள் இருக்கு," எண்டா ஜொய்சி, வெளியில பாத்தபடி.

"ஆரு?"

"வருவினம்."

மனுசன் புறுபுறுத்துக்கொண்டு கடைசிச் சீற்றுக்குப் போட்டார். பஸ் வெளிக்கிட்டுது.

கைட் ஒரு வெள்ளைக்காரக் கிழவன். காலமையில இருந்து ஒரு சிரிப்பில்லை. கையில ஒரு சின்ன எண்ணுற மெசின். ஒவ்வொரு இடத்திலயும் ஆக்கள் ஏறி இருந்தாப்பிறகு நடுவால நடந்துவந்து, தலைக்கு ஒரு டிக்... டிக்... முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டு வந்தால்தான் பஸ் நகரும்.

அந்த நாலு இருபதுக்கு நிப்பாட்டின இடம் ஒரு செத்த ஊர். கூரை இல்லாத கல்வீடுகள், வரிசையா முப்பது நாப்பது. உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலத்தில, வாடகை கட்டேலாத சனத்தை மழைக்குள்ள இழுத்து வெளியில விட்டு, கூரையை இடிச்சுப் போட்டாங்களாம். ஏத்திக்கொண்டுபோக ஆக்கள் வருவினம் எண்டு அந்தச் சனம் றோட்டுக் கரையிலயே இருந்ததாம். ஒருத்தரும் வரேல்லை... இருந்த இடத்திலயே சரிஞ்சு கிடந்தினமாம்.

இதைச் சொல்லிப்போட்டு கைட் ஜொய்சிக்குக் கிட்ட வந்தான். "அந்தத் துணியை எடுத்துக்கொண்டு இறங்கு. இந்த இடத்தில வெறும் சீற்றைப் பிடிச்சு வைக்கிறேல்லை."

சொன்ன விதம் ஜொய்சிக்குப் பிடிக்கேல்லை. எங்கட தோலைப் பாத்துத்தான் அதட்டுறான் எண்டு கொதி. "என்ர ஆள் இருக்கிற சீற்," எண்டு இங்கிலிசில சொல்லிப்போட்டு, லேஞ்சியைத் தொடாமல் இறங்கினா.

ஐஞ்சு நிமிசம்தான் வெளியில நிண்டவ. காத்து முகத்தைக் கிழிக்குது. கிறகரி அந்தக் கடைசி வீட்டுப் பக்கம், கழுத்தைத் தோளுக்குள்ள புதைச்சுக்கொண்டு தனிய நடந்து போனது தெரிஞ்சுது. ஒருக்கா கூப்பிடுவமோ எண்டு வந்ததாம் மனசில. கூப்பிடேல்லை.

திரும்பி ஏறினா... லேஞ்சி பக்கத்துச் சீற்றில இல்லை. இவ இருக்கிற சீற்றில கிடக்கு. நாலா மடிச்சு, வடிவா, ஓரம் ஓரமாப் பிடிச்சு மடிச்சபடி.

பக்கத்துச் சீற் ஈரம். மணம் ஒண்டு. நனைஞ்ச கம்பளி, புகை... அதுக்குக் கீழ, உருளைக்கிழங்கு அழுகினால் வருமே, அந்த மணம். ஆரோ நனைஞ்ச உடுப்போட இருந்திட்டுப் போயிருக்கினம் எண்டு யன்னல் பக்கம் ஒதுங்கி இருந்தா.

கைட் எண்ணிக்கொண்டு வந்தான். டிக்... டிக்... இவவின்ர வரிசைக்கு வந்து, டிக். டிக்.

ரெண்டு.

காதில விழுந்ததாம். மண்டையில ஏறேல்லை. முப்பத்திரண்டு சரியெண்டு பஸ் வெளிக்கிட்டுது. வீம்பு பிடிச்ச மனுசி, திரும்பிப் பின்னுக்குப் பாத்தால் தான் தோத்தமாதிரி எண்டு பேசாமல் இருந்தா. இருபது நிமிசம்... பேந்து, மனுசன் என்ன முகத்தோட இருக்கிறார் எண்டு மெல்லமா எட்டிப் பாத்தா.

கடைசிச் சீற்றில ஆள் இல்லை.

கத்தினா ஜொய்சி. கைட் ஓடிவந்தான். கணக்குச் சரி எண்டான். திரும்ப எண்ணினான், டிக் டிக் எண்டு, பின்னுக்கிருந்து முன்னுக்கு. இவவின்ர வரிசையில வந்து நிண்டான். பக்கத்துச் சீற்றைப் பாத்தான்... கன நேரம் பாத்தான். மெசினைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டு, டிறைவரிட்டப் போய்க் காதுக்குள்ள ஏதோ சொன்னான்.

பஸ் திருப்ப இடமில்லை. போனில சிக்னல் இல்லை. ஒரு மணித்தியாலம் எடுத்துது திரும்பிப் போக. ஜொய்சிக்கு வாயில செபம் வரேல்லை, பேர்தான் வந்துதாம். கிறகரி, கிறகரி எண்டு.

நிண்டார் மனுசன். மதிலடியில, விறைச்சுப்போய், உதடு நீலம் பாரிச்சு. ஜொய்சி பாய்ஞ்சு இறங்கிக் கையைப் பிடிக்கப் போனா. தட்டி விட்டார்.

"பஸ்ஸுக்குப் பக்கத்தால ஓடிவந்தனான். கண்ணாடியில அடிச்சனான். நீ என்னை நேராப் பாத்தனி."

"ஐயோ, நான் காணேல்லையப்பா..."

"பாத்தனி. பாத்துப்போட்டுப் பக்கத்தில இருந்தவன்ர தோளில சாஞ்சனி."

"பக்கத்தில ஒருத்தரும் இல்லை. இஞ்ச, வந்து நீங்களே இருங்கோ அதில..."

மனுசன் ஏறி வந்து அந்தச் சீற்றை ஒருக்காப் பாத்தார். பின்னுக்குப் போட்டார். டப்ளின் வரைக்கும் கைட் ஒரு இடத்திலயும் ஆக்களை எண்ணேல்லையாம்.

மொன்றியல் வந்து ஒரு கிழமையில கிறகரி லவாலுக்குப் போட்டார், தமையன் வீட்டுக்கு. ஜொய்சி தனிய. வேலை முடிஞ்சு நூற்றி அறுபத்தைஞ்சாம் நம்பர் பஸ்ஸில வருவா. சனம் நெரிபடும், மூச்சு விட இடமிருக்காது... இவவுக்குப் பக்கத்துச் சீற் வெறுமையாக் கிடக்கும். வந்து பாப்பினம், பாத்திட்டு அங்கால போவினம். நிறத்துக்காக எண்டு நினைச்சவ. பேந்து எங்கட ஆக்களும் அப்பிடித்தான் போச்சினம்.

மனுசி உருகிப்போச்சு. மாசி மாசம், வீம்பெல்லாத்தையும் விட்டிட்டு போன் எடுத்தா. அழுதா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாங்கோ, ஒண்டா இருப்பம் எண்டா. அவரும் இளகித்தான் இருந்தார். "ஓம், வாறன்," எண்டார்.

வந்தார். நல்ல சேட்டுப் போட்டு, தலை இழுத்து. ஜொய்சி கோயில் வாங்கில, அந்த நீள இருக்கையில, உள்ளுக்கு அரக்கி இடம் விட்டா. பக்கத்தில ஒண்டும் வைக்கேல்லை, லேஞ்சியும் இல்லை, பாட்டுப் புத்தகமும் இல்லை, வெறும் வாங்கு. கிறகரி வாங்கடி மட்டும் சிரிச்ச முகத்தோட வந்தார்... நிண்டார். முகம் அப்பிடியே வத்திப்போச்சு. திரும்பி நடந்து கதவடியில போய் நிண்டார்.

ஜொய்சி முன்னுக்கே பாத்துக்கொண்டு இருந்தா. கண்ணீர் ஓடுது. துடைக்கேல்லை.

பூசையில பக்கத்தாக்களுக்குச் சமாதானம் சொல்லுற நேரம் வந்துது. கும்பிடுறவை கும்பிடுவினம், பழைய ஆக்கள் கை குடுப்பினம். முன் வாங்கில திரேசம்மா. கண்ணில வெள்ளை விழுந்த மனுசி, ஆக்களை நிழலாத்தான் தெரியும். திரும்பி ஜொய்சிக்குக் கை குடுத்தா. பிறகு, பக்கத்து இடத்துக்கும் கையை நீட்டினா... கை அந்தரத்தில நிக்கேல்லை. மேலும் கீழும் அசைஞ்சுது. ஆரோ பிடிச்சுக் குலுக்கினமாதிரி.

திரேசம்மா கையை இழுத்து, மற்றக் கையால தேய்ச்சுக்கொண்டு, குனிஞ்சு மெதுவாக் கேட்டா.

"மனுசன் வந்திட்டார் போல, சந்தோசம் பிள்ளை. ஆனா எலும்பாப் போனாரே... சாப்பாடு குடுக்கிறேல்லையோ?"

கிறகரி அப்பவும் கதவடியிலதான் நிண்டவர்.