நான்காம் தொட்டியின் மிச்சம்

சரியாகத் தொண்ணூற்றொரு மணி நேரம். அதுவரை ஒன்றுமே இருக்காது...

விளக்கை அணைக்காதீர்கள், சொல்கிறேன். நெதர்லாந்தில், டெல்ஃப்ட் ஊரில் என் அறைத்தோழி ஃபெம்கே. அவளுடைய அக்கா சீட்ஸ்கேவுக்கு நடந்தது இது.

ஊருக்கு வெளியே, கால்வாயை ஒட்டி ஒரே சாலை. அதன் முடிவில் பெனிசிலின் ஆலை. அங்கே நான்கு சோதனைத் தொட்டிகள். ஓர் ஆள் குனிந்து இறங்கலாம், அவ்வளவுதான். உள்ளே பூஞ்சை சர்க்கரையைத் தின்று, மூச்சுவிட்டு, மருந்தைச் சுரக்கும். எந்த மணியில் எவ்வளவு என்று சமன்பாடு எழுதுவதுதான் சீட்ஸ்கேயின் முனைவர் பட்ட ஆய்வு. மூன்று தொட்டிகள் சொன்னபடி கேட்டன. நான்காவது கேட்கவில்லை.

திங்கள் மதியம் மூன்று மணிக்குப் பூஞ்சையை விடுவார்கள். தொண்ணூற்றொன்றாவது மணியில், வெளியே வரும் காற்றில் கரியமில வாயு கூடிவிடும். மணிக்குப் பதினைந்து லிட்டர் கணக்கில். ஏழு நிமிடம் கழித்து... முப்பது. அப்புறம் இறங்கவே இறங்காது.

வேறு கிருமி புகுந்திருக்கும் என்றார்கள். மாதிரி எடுத்துப் பார்த்தாள். சுத்தம். அளவுமானியை மாற்றினாள். சர்க்கரையைக் குறைத்தாள். ஆறு வாரம், ஆறு முறை. ஈர மண் வாடை தலைமுடியில் ஏறியதுதான் மிச்சம்.

"உன் சமன்பாடுதான் தப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள பொருந்தலன்னா இந்த வருஷம் பட்டம் கிடையாது" என்றார் பேராசிரியர்.

எரிச்சலில் அவள் ஒரு காரியம் செய்தாள். இந்தத் துறையில் எல்லோரும் வெட்கத்தோடு செய்வதுதான். பெயரில்லாத ஓர் எண்ணைச் சமன்பாட்டில் சேர்த்தாள். பதினைந்து. ஏழு நிமிடம் தள்ளி இன்னொரு பதினைந்து. கோடு அப்படியே பொருந்தியது.

வெள்ளி காலை பத்து மணி. எல்லோரும் காப்பிக்குப் போய்விடும் நேரம். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹார்மென் மட்டும் எப்போதும் போகமாட்டார்.

"ஆறு வாரமா உப்புல போட்ட மீன் மாதிரி மூஞ்சிய வச்சிருந்த. இன்னிக்கு என்ன இளிப்பு?"

"கணக்கு உக்காந்துருச்சு ஹார்மென்! பதினஞ்சு லிட்டரக் கூட்டினேன்."

"அது என்ன பதினஞ்சு?"

"தெரியல. உள்ள ஏதோ மூச்சு விடுது. பூஞ்சை இல்ல."

ஹார்மென் சிரிக்கவில்லை. தொட்டிக்குள் கலக்கும் துடுப்பு சுற்றியது... டக்... டக்...

"ஒரு ஆள் மணிக்கு அவ்வளவுதான் விடுவான்" என்றார்.

அவள் நான்காம் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பல வருஷம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை, இதே பத்து மணி. நாங்க காப்பிக்குப் போயிட்டோம். இந்தத் தொட்டியக் கழுவ, கூட வேலை பார்த்த கெர்ட் உள்ள இறங்கினான். உள்ள காத்துக்குப் பதிலா நைட்ரஜன் நின்னுச்சு. இறங்காதடான்னு சொல்ல ஆளில்ல."

"அப்போ... அந்த ஏழு நிமிஷம்?"

அவர் தொட்டியின் மூடிமேல் கையை வைத்தார்.

"அவனத் தூக்க என் தம்பி இறங்கினான்."